ஹெட்டியின் ஊதா முத்திரை

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் ஹெட்டி ட்ரோஸ்கி. ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் துவைத்தே அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஒரு சின்ன நகரத்தில் சொந்தச் சலவைக்கடை வைத்தாள். பதினெட்டு இயந்திரம், ஒரு வேன். எவர் தயவும் இல்லை. அதை ஊருக்கே பத்துத் தடவை சொல்லியும் இருக்கிறாள்.

அவளுடைய எழுபத்தொன்றாம் வயதில் நகரசபை வேன் மேல் கை வைத்தது. தொழில் வண்டிகளை வீட்டு வாசலில் நிறுத்தக்கூடாதென்று புதுச் சட்டம். கடை வாசலிலோ பேருந்து நிறுத்தம். வேன் போனால் ஓட்டல் துணி போகும். அது போனால் கடையை மூட வேண்டியதுதான். வண்டி வைத்துக் கூரை போடும் லைலையும் தெருவில் எட்டு வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, அறிவிப்பே கண்ணில் படவில்லை என்று வழக்குப் போட்டாள்.

நகரசபை உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு முன் அறிவிப்பு மூன்று பொது இடங்களில் பத்து நாள் தொங்கினால்தான் அங்கே சட்டம் செல்லும். நூலகம், தபால் நிலையம், ஹெட்டியின் கடைச் சுவரில் இருக்கும் அறிவிப்புப் பலகை. மூன்றிலும் ஒரு வெள்ளிக்கிழமை குத்தியதாகச் சாட்சி சொன்னார் நகரசபை எழுத்தர் மெர்ல்.

அதைக் கிழித்துப் போட்டது தானேதான் என்று ஹெட்டிக்கு அப்போதுதான் புரிந்தது. அவளிடம் காட்டி ஊதா முத்திரை வாங்காமல் அந்தப் பலகையில் குத்திய காகிதம், பாதிரியார் கொடுத்ததானாலும், சனிக்கிழமை காலை குப்பைக்குத்தான் போகும். படித்துக்கூடப் பார்க்கமாட்டாள்.

"வாயத் தொறந்துடாதீங்க ஹெட்டி," என்று காதைக் கடித்தான் லைல். "நீங்களே கிழிச்சீங்கன்னா கேஸ் காலி."

"மறைச்சு ஜெயிக்கிற பழக்கம் எனக்கில்லடா," என்று கூண்டேறினாள். "கிழிச்சது நான்தாங்க. முத்திரை இல்ல, கிழிச்சேன்."

நகரசபை வக்கீல் துள்ளினார். "நீங்களே கிழிச்சுட்டு நீங்களே கேஸ் போடுறீங்களா?"

"செவுரு என்னுது தம்பி. முத்திரை வாங்காம குத்தாதேன்னு பலகை மேலயே எழுதி வச்சிருக்கேன். பூனை காணாமப் போனப்ப மெர்லு முத்திரை வாங்கித்தானே குத்தினாரு? பூனைக்கு வாங்கத் தெரிஞ்சவருக்குச் சட்டத்துக்கு வாங்கத் தெரியலையா?"

மன்றமே சிரித்தது. நீதிபதி மட்டும் மெர்லிடம் கேட்டார்: "குத்தின பிறகு ஒரு தடவையாவது போய்ப் பாத்தீங்களா?"

"இல்லீங்க," என்றார் மெர்ல்.

அறிவிப்பு ஊருக்காக, ஹெட்டி ஒருத்திக்காக அல்ல, அவள் பலகையில் அது ஒரு நாள்தான் தொங்கியது, சட்டம் செல்லாது. தீர்ப்பு அவ்வளவுதான்.

மறுமாதமே மெர்ல் அதே சட்டத்துக்குப் புது அறிவிப்போடு வந்து நின்றார். ஹெட்டி இந்தத் தடவை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கால் மணி நேரம் மனிதர் நின்றார். பிறகு முத்திரையை ஓங்கிக் குத்தி, பலகையின் நட்டநடுவில் மாட்டினாள்.

"பத்து நாள் நானே காவல். போயிட்டு வாங்க."

அழுக்குக் கூடையோடு உள்ளே வந்த முதல் ஆளையே மறித்தாள்.

"துணி கெடக்கட்டும், மொதல்ல இதப் படி. அவங்க ஓட்டுப் போடுற அன்னிக்கு நம்ம ஜனம் வந்து நகரசபை மண்டபத்துல நிக்க எடம் இருக்கக்கூடாது."