உட்காரு என்றால் உட்காரும் பிள்ளை

கொரோனா முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்த வருடத்தின் கடைசியில், பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டப் பாடசாலையில் விசேட கல்வி வகுப்புக்கு நான்தான் ஆசிரியை. ஞாயிறு ஆராதனைக்குக் காய்ச்சலோடும் போகிற ஆள்.

என் வகுப்பில் டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறுமி ஒருத்தி. பதினொரு வயது. கதவு திறந்தால் ரோட்டுக்கு ஓடிவிடுவாள். ஒரு வருடம் மாரடித்து அவளைப் பழக்கினேன். நான் சத்தம் போட்டு "உட்காரு" என்றால் நின்ற இடத்திலேயே உட்கார வேண்டும். நானே கட்டிய இரண்டு வரிப் பாட்டைப் பாடினால் எழும்பி, மூன்று தரம் கைதட்டிவிட்டு என்னிடம் வர வேண்டும். பார்க்க வந்த அதிகாரிகள் அசந்து போனார்கள். எனக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிறு காலையில் அவளுடைய அம்மா வந்தார். "இன்னைக்கும் கொழுந்து எடுக்கக் கூப்பிட்டுட்டாங்க டீச்சர். மத்தியானம் வரைக்கும் புள்ளைய பார்த்துக்குங்க" என்றார். அவளையும் சர்ச்சுக்குக் கூட்டிப் போனேன்.

ஜெபத்தில் கண்ணை மூடினேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்காகத்தான் உருகி ஜெபித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால் பக்கத்து இடம் காலி.

வெளியே ஓடினேன். சர்ச்சுக்குக் கீழே செங்குத்தான படிகள், அதற்கும் கீழே ரயில் பாதை. பனிமூட்டத்துக்குள் அவளுடைய மஞ்சள் சுவெட்டர்தான் முதலில் தெரிந்தது. யோசிக்கவே இல்லை. பழக்கதோஷத்தில் "உட்காரு!" என்று கத்திவிட்டேன்.

உட்கார்ந்துவிட்டாள். தண்டவாளத்துக்கு நடுவில், சப்பணம் போட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடி.

அப்போதுதான் வளைவுக்கு அப்பால் ரயில் ஊதியது.

"எழும்பு! ஓடு!" என்று அலறிக்கொண்டே படிகளில் இறங்கினேன். ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். நான் கத்தக் கத்த அவள் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தாள். டீச்சர் சத்தம் போட்டால் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. பாட்டைத்தான் பாட வேண்டும் என்று புரிந்தது. ஆனால் கர்த்தரே என்றுகூடச் சொல்ல வரவில்லை. எப்படியோ, அழுகையும் மூச்சிரைப்புமாக, அந்த இரண்டு வரியைப் பாடினேன்.

எழும்பினாள். நகரவில்லை. நின்று நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று கைதட்டினாள். என் உயிர் என்னிடம் இல்லை. பிறகுதான் நடந்து வந்தாள். அவள் என் கைக்கு வந்து சேர்ந்ததும் ரயில் எங்களைக் கடந்து போனது.

மத்தியானம் அவளுடைய அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மகளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"நீங்க நல்லவங்க டீச்சர், அதனால நீங்க சொன்னா உட்காரலாம். நாளைக்கு ஒரு கெட்டவன் சொன்னாலும் இவ உட்கார்ந்துருவாளே?"

ரயிலைவிட அந்தக் கேள்விதான் என்னை அதிகம் நடுங்க வைத்தது. நான் பெருமைப்பட்டதெல்லாம் எதற்கு என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரமே "மாட்டேன்" என்று சொல்லப் பழக்க ஆரம்பித்தேன். அதற்கு அந்த ஒரு வருடத்தைவிட அதிக காலம் எடுத்தது. ஒரு நாள் தண்ணீர் கொட்டிக் கிடந்த தரையைக் காட்டி உட்காரச் சொன்னேன். தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "மாட்டேன் டீச்சர்" என்றாள். அங்கேயே அழுதுவிட்டேன்.

அவளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பயம்தான். ஆனால் அவள் என் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்தப் பயம் கொஞ்சம் குறைகிறது.