பள்ளிக்கூடத்தில் படுத்த ராஜா

எங்கள் மாமா தாண்டவராயன் ரகசியம் பேசினால் அது கூட்டேரிப்பட்டு கூட்டுரோடு வரைக்கும் கேட்கும். என் அக்காவைக் கட்டியவர். இரண்டு காணி மல்லாட்டைக் கடலை, ஒரு துண்டு கேப்பை என்று நிலம் ஏதோ இருந்தது; ஆனால் அவருடைய பெரிய சொத்து அந்தக் குரல்தான். சித்திரையில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் கூத்துக் கட்டும்போது ராஜா வேஷம் அவரைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. கடைசி நாள் தொடை பிளந்து விழுகிறானே, அந்த ராஜா. அவன் பெயரைத் திருவிழா நாளில் எங்கள் ஊரில் வாயால் சொல்ல மாட்டார்கள், அம்மனுக்கு ஆகாது. வெறுமனே ராஜா என்றுதான் சொல்வோம். வேஷத்தில் தொடையைத் தட்டித் தட்டி மாமாவுக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. மாட்டுப் பேரம் படிந்தால் தட்டுவார், குழம்பில் உப்பு சரியாக இருந்தாலும் தட்டுவார். அக்காவுக்கு அதில் தீராத எரிச்சல்.

நான் சொல்லப்போவது ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வாக்கில் நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு நல்ல மனையாகப் பார்த்து எங்கள் ஊரில் யார் கொடுப்பார்கள்? ஊருக்கும் காலனிக்கும் நடுவே, எவனுக்கும் வேண்டாத பள்ளத்தில் ஒரு கூரைக் கொட்டகையைப் போட்டுவிட்டு அதைத் தர்மம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஏரியோ தூர்ந்து மேடாகக் கிடந்தது. ஐப்பசி பிறந்தால் ஏரிக்குப் போகவேண்டிய தண்ணீர் பள்ளிக்கூடத்துக்குள் வந்து நிற்கும். உள்ளே தவளைகள்தான் பாடம் படிக்கும். தை மாதம் தண்ணீர் வடிந்து பார்த்தால் பாதிப் பிள்ளைகள் மாடு மேய்க்கப் போயிருப்பார்கள். பார்க்க வந்த அதிகாரி, அடுத்த மழைக்குள் தரையை உயர்த்தாவிட்டால் பள்ளிக்கூடத்தை ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மழைக்காலத்தில் அந்த ஓடையைத் தாண்டிப் பெண்பிள்ளையை எவன் அனுப்புவான்? மூன்றாம் வகுப்பில் இரண்டே பெண்பிள்ளைகள். ஒருத்தி மாமாவின் மகள் அம்சா. இன்னொருத்தி காலனி ஜெயத்தின் மகள் இருதயமேரி. ஜெயம் எங்கள் நிலங்களில் கூலி வேலைக்கு வருகிறவள், அதிகம் பேசமாட்டாள். மகள் படிப்பை நிறுத்தவேண்டி வரும் என்று கேள்விப்பட்ட அன்று மட்டும், களை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து மாமாவிடம் ஏதாவது செய்யச் சொன்னாள்.

மாமா செய்தார். அரசாங்க ஆளான கிராம சேவக்கைப் பிடித்து, ஏரி மண்ணை எடுத்துப் பள்ளத்தில் போட கூலியில்லாத சிரமதானம் என்று தண்டோரா போட வைத்தார். காலையில் மண்வெட்டியோடு வந்தவர்கள் மாமா, நான், ஜெயம், வாத்தியார் இருதயராஜ். மீதி ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. சாயங்காலம் பார்த்தால் நாங்கள் கொட்டிய மண்ணில் ஒரு எருமை படுக்கலாம், அவ்வளவுதான். மாமா அன்றைக்கு ஊரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அடுத்த வாரம் திருவிழாக் கூட்டம். இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் படுகளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கடைசி நாள் கூத்துக்காகக் கோயிலுக்குப் பின்னால் அந்த ராஜாவை மண்ணாலேயே செய்வோம். மல்லாந்து படுத்திருப்பான், தலை ஒரு கோடி, கால் ஒரு கோடி. அதற்கு வீட்டுக்கு ஒரு வண்டி ஏரி மண். யாரும் யாரையும் கூப்பிடவேண்டியதில்லை. வண்டி அனுப்பாத வீட்டுக்கு மானம் போய்விடும். காலனி ஆட்கள் ஏரியில் வெட்டி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். திருவிழா முடிந்தால் மழை வந்து அத்தனை மண்ணையும் கரைத்துக்கொண்டு போகும்.

தர்மகர்த்தா கண்ணையன், மாமாவுக்குச் சித்தப்பா முறை, வண்டிக் கணக்கை ஆரம்பித்ததும் மாமா தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"சித்தப்பா, இந்த வருசம் ராஜாவ பள்ளிக்கூடத்துல படுக்கப் போடலாங்க."

சிலர் சிரித்தார்கள், சிலர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அம்மன் திருவிழாவை வைத்து விளையாடுகிறாயா என்று கண்ணையன் சத்தம் போட்டார். மாமா அசரவில்லை. கோயிலுக்குப் பின்னால் இடம் பத்தாமல்தானே நம் ராஜா காலை மடக்கிப் படுக்கிறான், பள்ளத்தில் போட்டால் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடலாமே என்றார். பிறகு அந்த ஒரு வார்த்தையை எடுத்து விட்டார்: விக்கிரவாண்டிப் பக்கத்துப் படுகளத்து ராஜா நம் ராஜாவின் முட்டிக்குக்கூட வரமாட்டான். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அம்மனிடம் பூக்கட்டிப் பார்த்தபோது வெள்ளைப் பூ வந்தது. அம்மன் சம்மதித்தாளா, பூவுக்கே மாமாவிடம் பயமா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அதற்குப் பிறகு ஊரைப் பார்க்கவேண்டுமே! கோடை விடுமுறையில் கொட்டகையைப் பிரித்துப் போட்டோம். வீட்டுக்கு ஒரு வண்டி என்பது மூன்றாயிற்று, நான்காயிற்று. விடியும் முன்பே ஏரிக்கரையில் மாட்டு மணி. ஏரிக்குள் ஜெயமும் காலனி ஆட்களும் வெட்டி வெட்டி ஏற்ற, வண்டிக்காரர்கள் "ஜல்தி, ஜல்தி" என்று கத்த, சிரமதானத்துக்கு முதுகுவலி என்று வராதவன் எல்லாம் தலையில் கூடையோடு ஓடினான். வண்டலுக்கு மேல் மயிலத்துச் செம்மண் சரளையைக் கொட்டி இடித்தோம். பள்ளம் நிரம்ப நிரம்ப ராஜா எழுந்தான். அவன் மீசையே ஒரு வண்டி மண். எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். படுகளத்தன்று மாமா அந்தப் பெரிய தொடையின் மேல் ஏறி நின்று பாடி, அடிபட்டு விழுந்தபோது சுற்றுப்பட்டு ஊரெல்லாம் ஓவென்று எழுந்து நின்றது. பிறகு ராஜாவைத் தட்டிச் சமன் செய்து, அவன் மேலேயே கொட்டகையை எழுப்பினோம்.

பள்ளிக்கூடம் திறந்த நாள்தான் நாங்கள் செய்த தப்பு தெரிந்தது. காலனிப் பிள்ளைகள் வெளியே புங்கமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். படுகளத்து மண்ணைக் காலனிக்காரர்கள் மிதிக்கக் கூடாது என்பது பழைய வழக்கம். போன வருஷம் வரை அது வெறும் பள்ளம், யாரும் மிதிக்கலாம். நாங்கள் தரையை மேடாக்கப் போய் அதைக் கோயிலாக்கி வைத்திருந்தோம். கண்ணையன் கெட்டவர் இல்லை, அவருக்கு உண்மையிலேயே பயம். அம்மன் கோபித்தால் ஊருக்கு அம்மை போட்டுவிடும், பிள்ளைகள் மரத்தடியிலேயே படிக்கட்டும் என்றார். மழை வந்தால் மரத்தடியில் என்ன படிப்பார்கள் என்று வாத்தியார் கேட்டதற்கு அவர் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

ஜெயம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இது ஏரியில இருக்கசொல்ல நாங்க மிதிச்சி வெட்டின மண்ணுதானுங்க ஐயா."

அது அப்போது, இப்போது இது ராஜா படுத்த மண் என்றார் கண்ணையன். மாமாவைத் தேடினேன், ஆளைக் காணோம். இத்தனை குரலை வைத்துக்கொண்டு நேரத்துக்கு நழுவிவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வந்தார். அழுக்கு வேட்டி, வெறும் உடம்பு, தலையில் மட்டும் கூத்துக் கிரீடம். எங்கள் ஊரில் கிரீடம் வைத்துவிட்டால் அவர் தாண்டவராயன் இல்லை, ராஜாதான். முன்னால் யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். கண்ணையனின் தோள் துண்டு பழக்கத்தில் தானாக இடுப்புக்கு இறங்கியது.

"இந்த மண்ணுல படுத்தவன் நான்" என்றார் மாமா. கத்தவில்லை, அதுதான் ஆச்சரியம். "தேரோட்டி வூட்டுப் புள்ளன்னு சபையே சிரிக்கசொல்ல, அவனுக்கு நாடு குடுத்து என் பக்கத்துல உக்கார வச்சேன். வருசா வருசம் அதப் பாத்து அழுவுறீங்க. இப்ப என் மார் மேல யார் உக்காரலாம்னு என்ன கேக்காம நீங்க இன்னா முடிவு பண்றது?"

கூத்தில் அந்தக் கட்டத்தில் ஊரிலேயே அதிகம் அழுகிறவர் கண்ணையன்தான். ஜெயம் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. முதலில் தான் மண்ணில் கால் வைத்தாள், பிறகு மகளைத் தூக்கி உள்ளே விட்டாள். அம்சா பாயில் நகர்ந்து இடம் கொடுத்தாள். மற்ற பிள்ளைகள் தடதடவென்று உள்ளே ஓடினார்கள். அந்த வருஷம் யாருக்கும் அம்மை போடவில்லை.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மண் வெட்டிய ஆழமெல்லாம் நிரம்பி ஏரி தளும்பி நின்றது. பள்ளிக்கூடத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர், நடுவில் ராஜா மட்டும் காய்ந்து கிடக்க, அவன் மேல் உட்கார்ந்து பிள்ளைகள் வாய்ப்பாடு கத்தினார்கள். அதிகாரி வந்து பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிப் போனார். அவரை வழியனுப்பிவிட்டு கண்ணையன் குடைக்குள் வெகுநேரம் நின்றார்.

"தாண்டவராயா, அடுத்த வருசம் ராஜாவ எங்கடா படுக்கப் போடறது? கோயில் பின்னால போட்டா மண்ணு வீணாத்தான போவும்."

மகளைக் கூட்டிப்போக வந்திருந்த ஜெயம் அப்போதுதான் மேட்டில் ஏறினாள். இடுப்பு வரை சேலை நனைந்திருந்தது.

"எங்க தெருவும் பள்ளந்தானுங்க ஐயா" என்றாள்.

கண்ணையன் அவளைப் பார்த்தார், காலனித் தெருவைப் பார்த்தார். படுகளம் எங்கேயோ அங்கே அம்மன் போகவேண்டும், அம்மன் பின்னால் ஊர் போகவேண்டும். அவருக்கு அது தெரியாதா?

"வண்டி உள்ள வர்றதுக்கு வழி இருக்குதா?" என்று கேட்டார்.

மாமா தொடையில் தட்டிய தட்டில் உள்ளே வாய்ப்பாடு நின்றுவிட்டது.