உறுமாத கார்

கொண்டாப்பூர் அடுக்ககத்தில் என்னோடு பேச ஒருவரும் இல்லை. பழைய கார் வாங்கி, மூடியில்லாத ஏர் ஃபில்டர் ஒன்றை மாட்டினேன். மிதித்தால் உறுமும்; அதுவே எனக்குத் துணை.

கச்சிபௌலியில் ஒருநாள் அடைமழை. எதிரே வந்த பஸ் வாரியடித்த தண்ணீர் பானெட்டுக்குள் புகுந்து ஃபில்டரை நனைக்க, கார் திணறி நின்றுவிட்டது. மெக்கானிக்கிடம் சொல்லி, பெட்டிக்குள் அடங்கிய பழைய ஃபில்டரையே போட்டேன். சத்தம் போய்விட்டது.

அந்த வாரமே கீழ்வீட்டு அம்மா முதன்முறையாகக் கதவைத் தட்டினார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று முந்திக்கொண்டேன்: "அந்த ஃபில்டரைக் கழட்டிட்டேம்மா."

"அய்யோ, நக்கோ, கழட்ட வேண்டாம் தம்பி! தனியா இருக்கேன். அந்தச் சத்தம் கேட்டாதான் மேல ஆள் வந்தாச்சுன்னு தைரியமா தூங்குவேன். கேக்கலையே, உடம்புக்கு முடியலையோன்னு பார்க்க வந்தேன்."

என் வரவுக்காக ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது தெரியாமலே அத்தனை நாள் தனியாக இருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து கேட்டுக்குள் நுழைந்ததும் ஒருமுறை ஹாரன் அடிப்பேன்.