வெள்ளாறு வந்த வெள்ளிக்கிழமை

தங்கை மீனாட்சிக்கு அந்த வருஷம் தலைதீபாவளி. அவளையும் மாப்பிள்ளையையும் அழைத்துப்போக, ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை அம்பாசமுத்திரத்திலிருந்து கிளம்பினேன். மதுரையில் பஸ் மாறி, மாலை நாலு மணிக்கு, புதுக்கோட்டைக்குத் தெற்கே நாலு மைலில் இருக்கும் அவர்கள் ஊர் விலக்கில் இறங்கினேன்.

"எங்க ஊர்லயும் ஆறு இருக்குங்க" என்று பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை சொன்னதை நம்பித்தான் மீனாட்சி தலையாட்டினாள். தாமிரவருணியில் நீந்தி வளர்ந்தவள். நான் பார்த்த வெள்ளாறோ கண்ணுக்கெட்டிய தூரம் மணல். அதில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டுகொண்டிருந்தாள் அவள். குடத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

"ஆறு வரும், ஆறு வரும்னு அஞ்சு மாசமாச் சொல்லுதாவ. தீபாவளிக்கு நம்ம ஊருக்கு வந்தா நான் தையிலதான் திரும்புவேன். அவுககிட்ட நீதான் சொல்லணும், அண்ணே."

மேற்கே மணப்பாறைப் பக்கத்து மலைகளில் மழை கொட்டினால்தான் வெள்ளாற்றுக்கு உயிர். சில நாள் ஓடி, மணமேல்குடிப் பக்கம் கடலில் சேர்ந்துவிடும். அதனால் இங்கே யாரும் தண்ணீர் வந்தது என்பதில்லை. ஆறு வந்தது என்கிறார்கள். ஆறா, விருந்தாளியா என்று மாப்பிள்ளையைச் சீண்டினேன். அவர் கோபிக்கவில்லை.

"மேக்க மின்னுது, மச்சான். நாளைக்குப் பாருங்க."

வெள்ளி காலை எட்டு மணிக்கு, "ஆறு வந்திருச்சு" என்று தெருவே ஓடியது. நுரையும் சருகுமாக, ஆள் நடக்கும் வேகத்தில், ஒரு சாண் தண்ணீர் மணலில் வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை சூடம் கொளுத்தினார். பெரியவர்கள்கூடத் தண்ணீருக்கு முகம் காட்டியபடி பின்னோக்கி நடந்து, அதை ஊருக்குள் அழைத்து வந்தார்கள். எங்கள் ஆற்றை நாங்கள் ஒருநாளும் இப்படி அழைத்ததில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஞாயிறன்று தண்ணீர் தெளிந்து மார்பளவு ஓடியது. மீனாட்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கரை வரை நீந்தித் திரும்பினாள். துறையில் நின்ற பெண்கள் அவளை மொய்த்துக்கொண்டார்கள்.

"மதினி, எங்களுக்கும் சொல்லிக் குடுங்க." அன்று இருட்டும்வரை அவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தாள்.

திங்கள் காலை மூவரும் பஸ் ஏறினோம். தை மாத விஷயத்தை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். பாலம் தாண்டியதும் மீனாட்சி என் தோளைத் தட்டினாள்.

"அண்ணே, தீபாவளிக்கு மறுநாளே எங்கள பஸ் ஏத்திவிட்டுரு. அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் கால் அடிக்க வரல. தை வரைக்கும் இருந்தா தண்ணி வத்திரும்."