ஆரஞ்சுக் குள்ளன் சாகவில்லை

பேச்சியம்மாள் தியாகராய நகருக்கு மருமகளாக வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் மாமனாரின் பாத்திரக் கடை. அதற்கு மேலே மூன்றாம் மாடியில் வீடு. இறங்க ஒரே படிக்கட்டுதான். அது கடைக்குள்ளே, கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து முடியும். கோயிலுக்குப் போவதென்றாலும் மாமனார், "எங்கம்மா?" என்பார். குரலில் கோபம் இருக்காது. பதில் சொல்லாமல் தாண்ட முடியாது, அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் இயற்பியல் படித்தவள். மேலே படிக்க இடம் கிடைத்த மாதமே அத்தை மகன் வெள்ளைச்சாமிக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கையெழுத்து அழகாக இருந்ததால் பாத்திரங்களில் பேர் வெட்டும் வேலை அவளிடம் வந்தது. குடத்தை மடியில் கவிழ்த்து, யார் யாரோ வீட்டுக் கல்யாணப் பெண்களின் பெயர்களைப் பொறித்துக்கொண்டிருப்பாள். மிஷினின் அதிர்வு சோறு பிசையும்போதும் விரலில் இருக்கும்.

ஜாக்கெட் தைக்கும் ஜஹீதா மட்டும் மாடி வரை வருவாள். அவள் அண்ணன் மேற்கு மாம்பலத்தில் ஸ்டேஷன் பக்கம் பத்திரிகைக் கடை வைத்திருந்தார். விற்காத இதழ்களை ஜஹீதா கொண்டுவந்து கொடுப்பாள். 1999 ஜனவரியில் அப்படி வந்த ஒரு மாத இதழில் 'சாகப் போகும் ஆரஞ்சுக் குள்ளன்' என்று ஒரு கட்டுரை. முப்பத்தைந்து ஒளியாண்டு தூரத்தில், கிளீஸ் 86 என்ற நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கோளைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். நட்சத்திரம் அணையப் போகிறது, கோள் உறைந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு காகிதப் பையைக் கிழித்துக் கணக்குப் போட்டாள். பிறகு மூன்று பக்கம் எழுதினாள். குள்ளன் என்றால் நோயாளி இல்லை. நம் சூரியனும் குள்ளன்தான். இதற்குச் சூரியனின் நிறையில் ஐந்தில் நாலு பங்கு. சூடு கொஞ்சம் குறைவு, அதனால்தான் ஆரஞ்சு நிறம். எரிபொருளை மெதுவாக எரிப்பதால் சூரியனைவிடப் பல நூறு கோடி வருஷம் கூடுதலாகவே இருக்கும். கோள் பதினாறு நாளுக்குள் ஒரு சுற்றை முடிக்கிறது. அப்படியென்றால் அது பூமி சூரியனுக்கு இருப்பதைவிட ஒன்பது மடங்கு நெருக்கத்தில் இருக்கவேண்டும். அங்கே நமக்கு அடிப்பதைப்போல் முப்பது மடங்கு வெயில்.

"இன்னாக்கா, மூணு பக்கம் எழுதிக்கீறே? யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஜஹீதா கடிதத்தைத் தபாலில் சேர்க்கத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் கடிதம் அச்சானது, கடை முகவரியோடு. அடுத்த வாரமே இதழும் கையுமாக ஒருவர் கடைக்குள் வந்தார். ராமானுஜம், ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். மாதத்தின் முதல் ஞாயிறு மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் கூட்டம் நடத்துபவர்.

"இந்தம்மா வந்து பேசினா ரொம்ப நன்னாருக்கும்னு கேட்டுண்டு போக வந்தேன்" என்றார்.

"என் சம்சாரம்தான் சார். கண்டிப்பா வருவா" என்றான் வெள்ளைச்சாமி. அவர் போனதும் மாடியேறி வந்தான். "எதுக்குளா பேரப் போட்ட? நாளைக்கு எவனெவனோ லெட்டர் போடுவான்."

"தப்பா எழுதியிருந்தாங்க, அத்தான்."

"எழுதினா உனக்கென்ன? அந்த நட்சத்திரமா நமக்குச் சோறு போடுது?"

மே மாத முதல் ஞாயிறு. பட்டுச்சேலை கட்டி இறங்கினாள். கடை நிறைய கல்யாணக் கூட்டம். "நாப்பத்தோரு உருப்படிம்மா, இப்பவே வேணுமாம்" என்று மாமனார் மிஷினை நீட்டினார். வெள்ளைச்சாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உட்கார்ந்தாள். நாலரை மணிக்குக் கூட்டம் தொடங்கியிருக்கும். ஐந்தரைக்குப் பதினேழாவது தூக்குச்சட்டி. கை நடுங்கினால் எழுத்து கோணும்; அதனால் அழவும் இல்லை.

ஜூன் முதல் ஞாயிறு மூன்று மணிக்கே இறங்கினாள்.

"எங்கம்மா?"

"மயிலாப்பூருக்கு, மாமா. பேசப் போறேன்."

"அவன்ட்ட சொன்னியா?"

"இப்பச் சொல்லுதேன்" என்று, வாடிக்கையாளருக்கு அண்டா காட்டிக்கொண்டிருந்த கணவனிடம் போய்ச் சொன்னாள். ஆட்கள் முன்னால் அவனால் சத்தம் போட முடியவில்லை. பன்னிரண்டு பி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் செருப்பு மாறியிருந்ததைக் கவனித்தாள்.

கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். முதல் ஐந்து நிமிஷம் எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்துப் படித்தாள். பிறகு ஒருவர் எழுந்து, "அந்தக் கோளை யாரும்மா பாத்தா?" என்று கேட்டார்.

"யாரும் பாக்கல. அது இழுக்க இழுக்க நட்சத்திரம் லேசா ஆடுது. வெளிச்சத்துல அந்த ஆட்டம் தெரியுது. அத வச்சுத்தான் கோளோட எடையச் சொல்லுதாங்க." ஊர்ப் பேச்சு தன்னையறியாமல் வந்துவிட்டதை உணர்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. மேலும் முக்கால் மணி நேரம் பேசினாள்.

வெள்ளைச்சாமி ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போகவா என்று அவள் கேட்டபோது ஆடி போகட்டும் என்றான். பிறகு தீபாவளி போகட்டும் என்றான். தீபாவளி முடிந்தபோது ராமானுஜம் மகளோடு இருக்கப் பெங்களூருக்குப் போய்விட்டார். கூட்டம் நின்றுவிட்டது. சில நாட்கள் பேச்சியம்மாள் நட்சத்திரம் பார்க்க மொட்டைமாடிக்குக்கூட ஏறவில்லை.

டிசம்பரில் ஒருநாள், கணவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, தபால் வழியில் இயற்பியல் இல்லாததால் எம்.எஸ்சி. கணிதத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். வெள்ளைச்சாமியின் கை நின்றது.

"பரீட்சை எங்க?"

"இங்கதான், மெட்ராஸ்லயே."

"எத்தன நாளு?"

"வருஷத்துக்கு அஞ்சு."

அவன் சோற்றில் குழி பறித்தான். பிறகு ரசம் கேட்டான்.