மதினி நிறுத்தி வைத்த பம்புசெட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம். திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அருப்புக்கோட்டையில் ஒரு மில்லில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். அப்போது நைட் ஷிப்ட். காலையில் பஸ்ஸில் தூங்கி வழிந்து வந்து இறங்கினாலும் படுக்க மாட்டேன். நேராக வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போய்விடுவேன். கம்ப்யூட்டர் சொன்னபடி மரத்தில் பூ வேலை செதுக்கும் சிஎன்சி மெஷின் ஒன்றை அங்கே நானே சாமான் வாங்கிச் சேர்த்து வைத்திருந்தேன். யாரும் கேட்டுச் செய்ததல்ல, வெறும் ஆசைதான்.

அதில் செதுக்கும் முனையை முன்னும் பின்னும் நகர்த்த மூன்று சர்வோ மோட்டார்கள். ஒவ்வொன்றின் லேபிளிலும் நாலு ஆம்பியர் என்று போட்டிருந்தது. கூட்டினால் பன்னிரண்டு. அவற்றுக்குக் கரண்டு கொடுக்கப் பதினைந்து ஆம்பியர் பவர் சப்ளை வாங்கி மாட்டிவிட்டு, மிச்சமே மூன்று இருக்கிறது என்று மீசையை முறுக்கிக்கொண்டேன். ஆனால் மெஷின் பாதிப் பூவில் நின்றுவிடும். மறுபடி ஓட்டினால் மறுபடி நிற்கும்.

கொட்டகையை ஒட்டி அண்ணன் தோட்டம். அண்ணன் வெளிநாட்டில். மதினிதான் ஒற்றை ஆளாக மிளகாய் போட்டிருந்தார். அவர் பம்புசெட்டைப் போடும்போது என் கொட்டகை பல்பு ஒரு கணம் மங்கும். எனக்கு அது போதாதா? லோ வோல்டேஜ்! எங்கள் பக்கம் எது ஓடாவிட்டாலும் பழி அதன் மேல்தான்.

"மதினி, ஒங்க மோட்டாரு ஓடுனா எம் மெஷினு நின்னுருது. ரெண்டு நாளைக்கு நிப்பாட்டி வைங்களேன்" என்றேன்.

"கரண்டு வேலை பாக்குறவுக சொல்றீக, சரியாத்தான் இருக்கும்" என்று நிறுத்திவிட்டார். பம்புசெட்டுக்கான மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம்தான் வரும். அந்த நேரத்தைத்தான் கேட்டிருக்கிறேன் என்பது எனக்கும் தெரியும்.

மறுநாளும் மெஷின் நின்றது. வேறு யாரோ மோட்டார் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம், உண்மையில் வீம்பு. இரண்டு நாள் ஐந்து நாளானது.

ஐந்தாம் நாள் மதினி கொட்டகை வாசலில் வந்து நின்றார். "இன்னைக்காச்சும் தண்ணி பாச்சட்டா தம்பி? பூவெல்லாம் கொட்டுது."

நான் வாயைத் திறப்பதற்குள் மெஷின் நின்றது.

"நாந்தான் மோட்டாரே போடலையே தம்பி. பெறகெதுக்கு நிக்கிது?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

அப்புறம்தான் மீட்டரை எடுத்தேன். வீட்டு லைனில் ஒரு குறையும் இல்லை. மோட்டார்கள் சட்டென்று திசை மாறும்போதெல்லாம் என் பவர் சப்ளையின் வோல்டேஜ்தான் விழுந்தது. லேபிளில் இருந்த நாலு ஆம்பியர், சீராக ஓடும்போது இழுப்பது. கிளம்பும்போதும் திரும்பும்போதும் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். பம்புசெட்டு கிளம்பும்போது பல்பு மங்குவதும் அதனால்தானே! மில்லில் தினமும் பார்க்கிற சங்கதி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அது நான்தான்.

"கோளாறு எங்கிட்டதான் மதினி. நீங்க மோட்டாரப் போடுங்க" என்றேன். அதற்குள் அன்றைய மும்முனை மின்சாரம் போயிருந்தது.

"சரி விடுங்க, நாளைக்குப் பாச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவ்வளவுதான்.

பெரிய சப்ளை மாட்டியதும் மெஷின் நிற்காமல் ஓடியது. எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அந்த வருடம் மதினியின் மிளகாய்ச் செடிகளில் பேருக்குத்தான் காய் பிடித்தது.

மதினி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். கணக்கு யாருக்கும் தப்பும். ஆனால் விவரம் தெரிந்தவன் சொல்கிறான் என்று நம்பி ஒருவர் தன் பயிரையே காய விட்டாரே, அதை நினைக்கும்போது, "இதனால்தான்" என்று யாரிடமும் அடித்துச் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வருவதில்லை.