பச்சைப் புள்ளியை நம்பி

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருக்கும். நான் வேலூரில் நர்ஸாக இருந்தேன். எனக்கு நிச்சயமாகியிருந்தவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. டியூட்டி முடிந்ததும் சத்துவாச்சாரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவரோடு சாட் செய்வேன்.

அந்த வாரம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். அப்பா இல்லை, அம்மாவுக்கு நான் ஒரே பெண். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எங்கள் கல்யாண அறிவிப்பை வாசிக்கப்போகிறார்கள். அதற்குள் கேட்டுவிட வேண்டும்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று தட்டினேன்.

"கேளுங்க" என்று வந்தது.

"கல்யாணத்துக்கு அப்புறம் அம்மாவும் நம்மகூடவே இருக்கலாமா?"

பதில் இல்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி மட்டும் அப்படியே எரிந்தது. ஆள் இருக்கிறார், பேசத்தான் மனமில்லை என்று நினைத்தேன். "கோவமா?" என்று அனுப்பினேன். அதற்கும் ஒன்றுமில்லை. கண் கலங்கிவிட்டது. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடும் முடிவோடு கைப்பையை எடுத்தேன்.

பக்கத்து சீட்டில் பர்தா அணிந்த ஒரு பெண் ஏதோ டைப் செய்துகொண்டிருந்தார். "இன்னாக்கா, அழுவுறீங்க?" என்றார். திரையைக் காட்டினேன்.

"இருங்க, வேற ஒரு பேஜ் தொறந்து பாருங்க."

திறக்கவே இல்லை.

"லைன் கட்டாய்ட்டுதுக்கா. அந்தப் புள்ளி அத்த சொல்லாது, பச்சையாவே நிக்கும். ஆம்பூர்ல எங்க ஷூ கம்பெனி ஆபீஸ்லயும் இதே பேஜார்தான். நீங்க கேட்டது அவருக்குப் போயே இருக்காது."

அந்தப் பெண்ணே சென்டர்காரரைக் கூப்பிட்டு மறுபடி லைன் போடச் சொன்னார். நான் திரும்பச் சாட்டுக்குள் நுழைந்ததும் மஸ்கட்டிலிருந்து வரிகள் வந்து விழுந்தன.

"எங்க போனீங்க? கேக்கணும்னு சொல்லிட்டு ஒண்ணுமே கேக்கலையே. கல்யாணத்துல இஷ்டம் இல்லையா? வீட்ல சொல்ல பயமா இருந்தா நானே சொல்லிட்றேன்."

நான் அழுத அதே நேரம், அவரும் அங்கே கல்யாணம் நின்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! அதே கேள்வியை மறுபடி தட்டினேன்.

"இவ்ளோதானா? அம்மாவைத் தனியா விட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருந்தாதான் யோசிச்சிருப்பேன். கூட்டிட்டு வாங்க."

அம்மா கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றும் யாராவது பதில் பேசாமல் இருந்தால் என் மனசு முந்திக்கொண்டு எதையாவது நினைக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கோபப்படுவதற்கு முன், நான் சொன்னது அவர்களிடம் போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை கேட்டுவிடுகிறேன்.